மாத்திரை தரும் இடத்திலேயே கண்ணையும் பாருங்கள்

மும்பையில் காசநோய் ஒழிப்புப் பணியைப் பொறுப்பேற்று நடத்தும் அதிகாரிகளுக்கும், அப்பணிக்கு நாடு முழுமைக்கும் நெறிமுறை வகுத்துத் தரும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

தாராவியில் கண் பரிசோதித்துக் கண்ணாடி செய்து தரும் தொழிலில் இருக்கிறேன். நான் கண் மருத்துவன் அல்லன். பார்வையை அளப்பதற்கு முறையாகப் படித்த ஆப்டோமெட்ரிஸ்ட். காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பார்வை மங்கத் தொடங்கிய தமிழர்கள் பலர், அந்த மங்கலுக்கும் மாத்திரைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதே தெரியாமல், கண்ணாடி கேட்டு முதலில் என்னைப் போன்றவர்களின் கடைப் படியைத்தான் ஏறுகிறார்கள். அப்படி வருகிறவர்களைப் பார்த்த அனுபவத்திலிருந்து, உங்கள் பணிக்கு மதிப்புக் குறையாமல், முதன்மையாக ஒரு கோரிக்கையை முன்வைக்க விரும்புகிறேன். காசநோய் மாத்திரை எந்த மேசையில் வழங்கப்படுகிறதோ, அதே மேசையில் நோயாளியின் பார்வையும் நிற உணர்வும் சிகிச்சை தொடங்கும் நாளிலும் அதன்பின் மாதந்தோறும் பரிசோதிக்கப்பட வேண்டும். பரிசோதனையில் மாற்றம் தெரிந்தால் அன்றே முடிவெடுக்க வழி இருக்க வேண்டும்.

காசநோய் மருந்துகளில் ஒன்றான எத்தாம்பூட்டாலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் இம்மடலைப் பொதுமக்களும் படிப்பார்கள் என்பதால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். 1961இல் கண்டறியப்பட்ட அம்மருந்து பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடும் என்பது, அது பயன்பாட்டுக்கு வந்த தொடக்க ஆண்டுகளிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகிவிட்டது. அளவு கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் என்ற அளவில் கொடுக்கும்போது நூற்றுக்கு ஒருவர் அளவில் காணப்படும் பாதிப்பு, 25 மில்லிகிராமில் நூற்றுக்கு ஐந்தாறு பேராக உயர்கிறது என்று பாடநூல்கள் கூறுகின்றன. சாதாரணமாக மருந்து தொடங்கி இரண்டு மாதங்கள் கடந்த பின்னரே இது தலைகாட்டுகிறது. வலி இல்லை, கண் சிவப்பதில்லை, நீர் வடிவதில்லை. பெரும்பாலும் இரு கண்களிலும் ஒன்றுபோலப் பார்வையின் நடுப்பகுதி மங்குகிறது. சிவப்பும் பச்சையும் வெளிறுகின்றன. தொடக்கத்தில் விழித்திரையைக் கருவி கொண்டு பார்த்தால்கூட எல்லாம் சரியாகவே தெரியும். மருந்தை உடனே நிறுத்தினால் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ பார்வை ஓரளவுக்காவது திரும்புகிறது. சிலருக்குத் திரும்புவதே இல்லை. நிறுத்துவதில் எவ்வளவு தாமதமோ, திரும்பும் வாய்ப்பும் அவ்வளவு குறைவு.

கண்ணாடிக் கடைக்காரனுக்கு இது எப்படித் தெரியவருகிறது என்றால், எந்த லென்ஸை மாற்றி மாற்றி வைத்தாலும் அந்த நபரால் கீழ் வரியைப் படிக்க முடிவதில்லை. கண்புரையும் இல்லை, பவரும் பெரிதாக இல்லை. நாற்பதைக் கடந்தவராக இருந்தால் வெள்ளெழுத்து என்று அவரே முடிவு கட்டிவிட்டிருப்பார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் எங்கள் குடும்பங்களில் இதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு: மாத்திரைச் சூடு கண்ணுக்கு ஏறிவிட்டது என்பார்கள். விளக்கெண்ணெயை உச்சந்தலையில் வைத்துக் குளிப்பதும், இளநீரும் மோரும் குடிப்பதும் நடக்கும். அவற்றால் உடலுக்குக் கெடுதி ஒன்றும் இல்லை. ஆனால் சூடு தணியட்டும் என்று காத்திருக்கும் வாரங்கள் முழுவதும் மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் கவலை.

அறியாமை என்று அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ரிஃபாம்பிசின் என்னும் இன்னொரு காசநோய் மருந்தைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே மாத்திரை தருபவர் சொல்லிவிடுவதால், என்னிடம் வரும் நோயாளிகளில் அது தெரியாதவர் ஒருவரும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட அதை அடுத்தவருக்கு எடுத்துச் சொல்கிறார். ஒரு செய்தியை எல்லோருக்கும் கொண்டுசேர்க்க உங்கள் ஊழியர்களால் முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம். கெடுதல் இல்லாத பக்கவிளைவு அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. கண்ணைப் பறிக்கக்கூடியது மட்டும் தெரியவில்லை.

சொன்னால் நோயாளி பயந்து மாத்திரையையே விட்டுவிடுவார் என்ற அச்சம் உங்களில் சிலருக்கு இருப்பதை அறிவேன். அது நியாயமான அச்சம். பாதியில் விட்ட சிகிச்சை என்ன செய்யும் என்பதை இந்தியாவில் மும்பையைவிட நன்றாக அறிந்த நகரம் வேறு இருக்க முடியாது. எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் என்று 2012இல் உலகச் செய்திகளில் அடிபட்ட ஊர் இது. ஆனால் முன்கூட்டியே சொல்லப்பட்டவர் பார்வை மங்கியதும் மாத்திரை தந்தவரிடமே திரும்பி வருவார். சொல்லப்படாதவரோ, மாத்திரைதான் காரணம் என்று பக்கத்து வீட்டார் வழியாகப் பின்னால் அறியும்போது, எல்லா மருந்துகளையும் ஒன்றாக நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடுவார். இரண்டாம் வகையினரையும் நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் 2017இல் நிகழ்ந்த மாற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன், புதிதாக நோய் கண்டவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் மருந்து கொடுக்கப்பட்டது. எத்தாம்பூட்டால் முதல் இரண்டு மாதத் தீவிர கட்டத்தோடு முடிந்தது. அவ்வாண்டு நாடு முழுவதும், பல மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த தினசரிக் கூட்டு மாத்திரை வந்தபோது, பின்வரும் நான்கு மாதங்களுக்கும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் ஆகியவற்றோடு எத்தாம்பூட்டாலும் சேர்த்தே வழங்கப்பட்டது. ஐசோனியாசிடுக்குக் கட்டுப்படாத கிருமிகள் நம் நாட்டில் கணிசமாக இருப்பதால் எடுக்கப்பட்ட முடிவு அது. அதன் மருத்துவக் காரணத்தை நான் மறுக்கவில்லை, மறுக்கும் தகுதியும் எனக்கு இல்லை. ஆனால், பாதிப்பு தலைகாட்டும் காலம் இரண்டாம் மாதத்துக்குப் பிறகு என்று தெரிந்திருக்கும்போது, இரண்டு மாதத்தில் முடிந்துகொண்டிருந்த மருந்தை ஆறு மாதமாக நீட்டிய அந்நாளிலேயே கண் பரிசோதனையும் கூடவே நீண்டிருக்க வேண்டும் அல்லவா?

எடைப் பிரிவுகளையும் சற்று எண்ணிப் பாருங்கள். கூட்டு மாத்திரை ஒன்றில் 275 மில்லிகிராம் எத்தாம்பூட்டால் இருக்கிறது. 35 முதல் 49 கிலோ வரை உள்ளவருக்கு நாளொன்றுக்கு மூன்று மாத்திரைகள், அதாவது 825 மில்லிகிராம். 49 கிலோ உள்ளவருக்கு அது கிலோவுக்கு 17 மில்லிகிராம் அளவில் நிற்கிறது. 35 கிலோ உள்ளவருக்கோ 23ஐத் தாண்டுகிறது. 50 கிலோவில் நான்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு 22. எடைப் பிரிவு இல்லாமல் இத்தனை இலட்சம் பேருக்கு மருந்து கொடுக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. என்றாலும், ஒவ்வொரு பிரிவின் கீழ் விளிம்பிலும் நிற்பவர்கள், உலக சுகாதார நிறுவனம் கூறும் 15 முதல் 20 மில்லிகிராம் என்ற வரம்பின் மேற்புறத்தையும் கடந்துவிடுகிறார்கள். நோயால் உருகி முப்பத்தைந்து, முப்பத்தாறு கிலோவில் வந்து நிற்கும் பெண்கள் எங்கள் பகுதியில் அரிதானவர்கள் அல்லர். குறைந்தபட்சம் இவர்களையாவது தனியே குறித்துவைத்துக் கண்காணிக்கலாம். எடை ஏற்கெனவே அட்டையில் இருக்கிறது.

சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் நிலைமை இன்னும் கடினமானது. எத்தாம்பூட்டால் பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. அந்த வழி தளர்ந்திருந்தால் சரியான அளவே உடலுக்குள் மிகையான அளவாகிவிடும். அதனால்தான் சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தவர்களுக்குத் தினமும் கொடுக்காமல் வாரம் மூன்று நாள் கொடுக்கச் சொல்கிறார்கள். காசநோய் கண்ட எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது உங்கள் திட்டத்தின் நெறி. சர்க்கரை இருப்பதாகத் தெரிந்தவர், இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர், அறுபதைக் கடந்தவர் ஆகியோருக்கு அதே இரத்தத்தில் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினினையும் பார்த்துவிட்டால், மாத்திரை எண்ணிக்கையை முடிவு செய்யும் மருத்துவருக்கு இருட்டில் தடவ வேண்டியிராது. சர்க்கரை உள்ளவரின் பார்வைக் குறைவை வேறு காரணத்தோடு குழப்பிக்கொள்வதும் மிக எளிது என்பதால், அவர்களுக்குத் தொடக்க நாள் அளவீடு இரட்டிப்பு அவசியம்.

சென்ற மழைக்காலத்தில் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். தாராவியில் பதிமூன்று காம்பவுண்டு என்னும் பகுதியில் பழைய பிளாஸ்டிக்கை நிறவாரியாகப் பிரிக்கும் வேலை அவருக்கு. சிவப்பையும் பழுப்பையும் பச்சையையும் கலந்து போட்டுவிடுகிறார் என்று முதலாளி கோபித்துக்கொண்டதால் கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, ஒரு கண்ணாடி போட்டுத் தாங்க; சேட்டு தினமும் ஏசுதாரு" என்பதுதான் அவர் சொன்ன முறையீடு. இரு கண்ணிலும் இரண்டாம் வரிக்குக் கீழே படிக்க முடியவில்லை. புட்டி மூடி ஒன்றைக் காட்டியபோது அதன் சிவப்பு வெளுத்துப்போய்த் தெரிவதாகச் சொன்னார். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் டி.பி. மாத்திரை நான்காம் மாதம் நடப்பது தெரிந்தது. பார்வை மங்குவதை மாத்திரை வாங்கும் இடத்தில் அவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். உடம்பு பலவீனம், நன்றாகச் சாப்பிடு என்று பதில் வந்திருக்கிறது. நான் கடிதம் எழுதிக் கொடுத்து ஒரு கண் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கே, காசநோய் மருத்துவர் எழுதித் தந்தால்தான் மருந்தைப் பற்றிச் சொல்ல முடியும் என்றார்கள். காசநோய்ப் பிரிவிலோ, கண் மருத்துவர் எழுதித் தந்தால்தான் மருந்தை மாற்ற முடியும் என்றார்கள். இரு கடிதங்களுக்கும் நடுவே அவர் தினக்கூலியை விட்டுவிட்டு அலைந்த நாட்களில், ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு ஒழுங்கான நோயாளி. கடைசியில் எத்தாம்பூட்டால் நிறுத்தப்பட்டது, காசநோயும் குணமாகிவிட்டது, எழுத்துப் பலகையில் சில வரிகள் மீண்டன. நிறம் மீளவில்லை. பிரிக்கும் வேலை போய், இப்போது மூட்டை சுமக்கிறார்.

அங்கே எவரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பார்வை கெட்டால் எத்தாம்பூட்டாலை நிறுத்திவிட்டுக் கண் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று உங்கள் வழிகாட்டு நூலின் பக்கவிளைவு அட்டவணையிலேயே இருக்கிறது. ஆனால் நிறுத்துவது எப்படி? முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும், அதன்பின் மூன்று மருந்துகளும் ஒரே மாத்திரைக்குள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் விலக்க வேண்டுமானால் மற்றவை தனித்தனி மாத்திரைகளாகக் கையில் இருக்க வேண்டும். அவை வழங்குமிடத்தில் இல்லையென்றால், ஊழியருக்கு முன்னே இரண்டே வழிகள்: எல்லாவற்றையும் நிறுத்துவது, அல்லது எல்லாவற்றையும் தொடர்வது. நிறுத்தினால் நோய் முற்றும் என்று பயிற்சியில் அழுத்தமாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டவர் தொடரத்தான் சொல்வார். குழந்தைகளுக்கான மருந்தில் மற்ற மூன்றையும் ஒரே மாத்திரையாக்கி எத்தாம்பூட்டாலைத் தனி மாத்திரையாகத் தருகிறீர்கள். ஆகவே பிரித்து வழங்குவது உங்களுக்குப் புதிதல்ல. பெரியவர்களுக்கு எல்லோருக்கும் அப்படிப் பிரிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கூட்டு மாத்திரையின் வசதி எனக்கும் தெரியும். எத்தாம்பூட்டால் இல்லாத தனி மாத்திரைகளின் ஒரு சிறு இருப்பு ஒவ்வொரு வார்டு அளவிலும் இருக்கட்டும். மாற்றம் தெரிந்த அன்றே தொலைபேசியில் கேட்டு, கண் மருத்துவரின் கடிதம் வரும்வரை எத்தாம்பூட்டாலை மட்டும் நிறுத்திவைக்கும் அதிகாரம் அங்குள்ள மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் இருக்கட்டும். நிறுத்திய பின்னும் பார்வை தேறவில்லையென்றால் ஐசோனியாசிடும் அரிதாக இதையே செய்யக்கூடும் என்பதைக் கண் பிரிவினர் நினைவில் வைத்திருப்பார்கள். அது அடுத்த படி.

பரிசோதனைக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், மிகக் கொஞ்சமே வேண்டும். ஆறு மீட்டர் தொலைவில் மாட்ட ஓர் எழுத்துப் பலகை. அவ்வளவு நீளமான அறை இந்த ஊரில் கிடைக்காது என்பதால் மூன்று மீட்டருக்கான பலகையும் உண்டு. படிக்காதவர்களுக்கு நான்கு திசையிலும் திரும்பியிருக்கும் ஈ எழுத்துப் பலகை. நிறத்துக்கு, வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இஷிஹாரா புத்தகம். எண் தெரியாதவர்கள் விரலால் கோட்டைப் பின்தொடர்ந்து காட்டும் பக்கங்கள் அதிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்க்க வேண்டும். நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கிய டியூப் லைட்டின் கீழே பார்த்தால் எல்லோருமே தவறுவார்கள். புத்தகத்தைத் திறந்தபடி வெயிலில் போட்டால் நிறம் வெளிறி ஒருவருமே தேறமாட்டார்கள். ஆண்களில் சிலருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு பிறவியிலேயே தெரியாது. தொடக்க நாளில் எழுதிவைத்தால்தான் பிறவிக் குறை எது, மருந்தின் விளைவு எது என்று பின்னால் பிரித்தறிய முடியும். எடை எழுதும் அட்டையிலேயே வலது, இடது, நிறம் என்று மூன்று கட்டங்கள் கூடுதலாகப் போட்டால் போதும். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் ஒரு மதியத்தில் எவரும் பழகிவிடலாம். பார்வையிழப்புத் தடுப்புக்கென்று 1976 முதலே தேசியத் திட்டம் ஒன்று நடக்கிறது. அதன் கண் பரிசோதகர்களும் காசநோய்ப் பிரிவினரும் ஒரே அரசின் ஊழியர்கள். ஒருவர் இன்னொருவரின் வாசலுக்கு மாதம் ஒருமுறை வரவழைக்கப்படுவதில் பெரிய தடை எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு லினசோலிட் சாப்பிடுபவர்களையும் இதிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். அம்மருந்தும் நீண்ட நாள் எடுக்கும்போது பார்வை நரம்பைத் தாக்கக்கூடியது. கை கால் எரிச்சலும் மரப்பும் கூடவே வரலாம். 2024இல் ஒப்புதல் பெற்ற புதிய ஆறு மாத முறையிலும் லினசோலிட் இருக்கிறது. இவர்களுக்குக் கண்காணிப்பு நெறிகள் ஏட்டில் ஓரளவு கடுமையாகவே இருப்பதால், நடைமுறையில் அவை மேசை வரை வருகின்றனவா என்று பார்த்தால் போதும்.

தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுவோர் இந்நகரில் ஏராளம். அவர்களின் நோயைத் தனியார் மருத்துவர்கள் அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். தெரிவிக்கப்பட்ட நோயாளியை உங்கள் ஊழியர் தொலைபேசியில் அழைத்து மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்கும்போதே, எதிர்ச்சுவரில் உள்ள நாட்காட்டி முன்போலத் தெரிகிறதா, நிறங்கள் வெளிறியிருக்கின்றனவா என்றும் கேட்கலாம்.

மொழியைப் பற்றியும் ஒன்று. தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப்ஹில், செம்பூர் பகுதிகளில் தமிழ் தவிர வேறெதுவும் சரளமாக வராத முதியோரும் பெண்களும் இன்னும் இருக்கிறார்கள். மராத்தியிலும் இந்தியிலும் உள்ள அறிவிப்பு அவர்களுக்குச் சுவரோடு சுவர்தான். மாத்திரை அட்டையில் ஒட்ட ஒரு சிறு தமிழ்க் குறிப்பு போதும். இவ்வாறு எழுதலாம் என்று தோன்றுகிறது: "இந்த மாத்திரை சாப்பிடும் காலத்தில் பார்வை மங்கினாலோ, சிவப்பு, பச்சை நிறங்கள் வெளிறித் தெரிந்தாலோ, மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அன்றைக்கே மாத்திரை வாங்கிய இடத்துக்கு வந்து சொல்லுங்கள். தினமும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால், பின்பு மாற்றி, ஒரே எழுத்தைப் பார்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள்." இதில் திருத்தம் வேண்டுமானால் உங்கள் மருத்துவர்கள் திருத்தட்டும்.

பார்வையை நிரந்தரமாக இழந்துவிட்டவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அரசு கொடுத்த மருந்தை அரசு சொன்னபடி தவறாமல் சாப்பிட்டதால் இந்நிலைக்கு வந்தவர்களுக்கு, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படிக் கிடைக்க வேண்டிய சான்றிதழையாவது அவர்களை அலையவிடாமல் உங்கள் பிரிவே முன்னின்று பெற்றுத் தர வேண்டும். ஊட்டச்சத்துக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ஏற்பாடு சிகிச்சை முடிந்ததும் நின்றுவிடுகிறது. இவர்களின் நட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. மேலும், ஒவ்வொரு பாதிப்பும் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே கூடத் தெரிவிக்கலாம் என்பதை மாத்திரை மேசையில் எழுதிவைத்தால், பதிவாகாமலே போகும் பாதிப்புகள் சிலவாவது கணக்கில் வரும்.

கண்ணாடிக் கடை வைத்திருக்கும் எங்களிடமிருந்தும் உங்களுக்கு உதவி கிடைக்கும். லென்ஸுக்குக் கட்டுப்படாத மங்கலோடு வருபவரிடம் காசநோய் மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதற்கு எங்களுக்குச் செலவு எதுவும் இல்லை. மேலே எழுதிய குறிப்பைக் கடையில் ஒட்டவும் தடை இல்லை. ஆனால் கேட்டு, ஆம் என்று பதில் வந்த பிறகு, அந்த நோயாளியை எந்தக் கதவுக்கு அனுப்புவது, யாரை அழைத்துச் சொல்வது என்பது இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு வார்டுக்கும் பொறுப்பான ஒருவரின் அலுவலகத் தொலைபேசி எண்ணை எங்களுக்குக் கொடுங்கள். மற்ற ஏற்பாடுகளுக்கு நிதியாண்டும் ஒப்புதலும் தேவைப்படலாம், இதை இந்த வாரமே செய்யலாம்.

இப்படிக்கு,
தாராவியில் கண் பரிசோதனை செய்துவரும் ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட்